நான் குடித்த கள்ளும் வீரையாவின் லைசென்சும்

1. முதல் நாள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், மாஜிஸ்திரேட் முன்னால் எழுந்து நின்று நான் உரக்கச் சொன்ன முதல் வாக்கியம் இது: “நான் மூன்று கிளாஸ் கள்ளு குடித்தேன். பிறகு லாரியை எடுத்தேன்.”

ஆங்கிலத்தில்தான் சொன்னேன். வெள்ளைச் சேலை உடுத்தி, சடையை இறுக்கிப் பின்னி, கையில் புதுக் கைக்குட்டையோடு நின்றேன். பொதுமக்கள் உட்காரும் பெஞ்சிலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ் செய்து, தேர்வு எழுதி, கோர்ட்டில் தமிழ் இன்டர்பிரெட்டர், அதாவது மொழிபெயர்ப்பாளர் வேலையை வாங்கியவள். ஒரு சிரிப்புக்குத் தலையைத் திருப்புவேனா?

குடித்தது நான் இல்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. குடித்தவர் எனக்குப் பக்கத்தில் கூண்டில் நின்ற வீரையா. தோ பாயோவில் அடுக்குமாடி வீடுகள் கட்ட மணல் ஏற்றிப் போகும் லாரியின் டிரைவர். ஆள் உயரம், மீசை அதைவிட அகலம்.

இந்த வேலைக்கு வர நினைக்கும் தங்கைகளுக்கு இதை முதலில் சொல்லிவிடுகிறேன். கூண்டில் நிற்பவர் “நான் குடித்தேன்” என்றால், இன்டர்பிரெட்டரும் “நான் குடித்தேன்” என்றுதான் சொல்ல வேண்டும். “அவர் குடித்தாராம்” என்று சொல்லக் கூடாது. ‘ஆம்’ சேர்த்தால் அது ஊர்ப் பேச்சாகிவிடும். கோர்ட்டுக்கு ஊர்ப் பேச்சு வேண்டாம். அதேபோல மாஜிஸ்திரேட் “நான் தண்டனை விதிக்கிறேன்” என்றால், தமிழில் நானும் “நான் தண்டனை விதிக்கிறேன்” என்பேன். இரண்டு பேருக்கும் ஒரே வாய். அந்த வாய் என்னுடையது.

அன்றைக்கு வீரையா குற்றத்தை ஒப்புக்கொண்டார். எங்கள் மாஜிஸ்திரேட் நல்ல மனிதர். ஆனால் குரல் மிகவும் மெல்லியது. எழுதிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் பேசுவார். அவர் முணுமுணுத்ததை நான் தெளிவாக, பெஞ்சின் கடைசிவரை கேட்கும்படி தமிழில் சொன்னேன்.

“உங்களுக்கு அபராதம் விதிக்கிறேன். உங்கள் லைசென்சை ஓராண்டுக்கு ரத்து செய்கிறேன்.”

வீரையா என்னைப் பார்த்துக் கும்பிட்டார். “ரொம்ப நன்றி தாயி. ஆனா ஒரு வருஷம் கொஞ்சம் ஜாஸ்தி. ஆறு மாசமா கொறைக்கக் கூடாதா?”

அதை ஆங்கிலத்தில் சொன்னேன். மாஜிஸ்திரேட் தாளைப் பார்த்தபடி “நோ” என்றார்.

நான் வீரையாவைப் பார்த்தபடி “முடியாது” என்றேன்.

வேலையைப் பிழையில்லாமல் செய்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில் அன்று மாலை பஸ்ஸில் நின்றுகொண்டே வீட்டுக்குப் போனேன். உட்கார இடம் இருந்தது. உட்காரத் தோன்றவில்லை.

2. வீட்டில் நடந்த விசாரணை

பஃபலோ ரோட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில் எங்களுக்கு ஓர் அறை. அப்பா சாக்கடைக் கால்வாய்களைச் சுத்தம் செய்யும் குழுவில் வேலை பார்த்தார். நான் போய்ச் சேர்வதற்குள் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. அப்பாவோடு வேலை செய்யும் மாணிக்கம் மாமா, விளக்கில்லாமல் சைக்கிள் ஓட்டி மாட்டிக்கொண்டு அன்று கோர்ட்டுக்கு வந்திருக்கிறார். களுக்கென்று சிரித்தது அவர்தான்.

அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

“கோர்ட்டுல என்னம்மா சொன்ன, அஞ்சலை?”

“நெறைய சொன்னேன். எதைக் கேக்குறீங்க?”

“மூணு கிளாஸுன்னு சொன்னியாமே?”

“அது வீரையா சொன்னதுப்பா.”

“வீரையா தமிழ்ல சொன்னான், சரி. அவன் குடிச்சான், அவன் சொன்னான். நீ எதுக்கு எந்திரிச்சு நின்னு ‘நான் குடிச்சேன்’ங்கிற? அத்தனை பேர் முன்னாடி?”

விதியை விளக்கினேன். அப்பா பொறுமையாகக் கேட்டார். அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

“விதின்னா இருக்கட்டும். ஒரு கிளாஸுன்னு சொல்லியிருக்கலாம்ல? மூணு எதுக்குடி?”

அதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்போம். வீரையாவின் மனைவி பாக்கியம் தேக்கா மார்க்கெட்டில் காய்கறிக் கடை போட்டிருந்தார். அம்மா பல வருடமாக அவரிடம்தான் காய் வாங்குவார். வீரையா வீட்டுக்குப் போய் என்ன சொன்னாரோ, மார்க்கெட் முழுக்க ஒரே பேச்சு. “பெரிய ஐயா சும்மாதான் உக்காந்திருந்தாரு. வாயே தொறக்கல. லைசென்ஸ எடுத்தது அந்த அஞ்சலைதான். கொறைங்க தாயின்னு கும்பிட்டேன். மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னுட்டுது.”

அன்று முதல் எங்கள் வீட்டுக்கு வந்த கத்தரிக்காய் எல்லாம் சொத்தை. மேலே பளபளவென்று இருக்கும். வெட்டினால் உள்ளே புழு நெளியும்.

“வேற கடையில வாங்கும்மா” என்றேன்.

“அது எப்படி? நாம தப்பு செஞ்ச மாதிரி ஆயிடும்ல” என்று அம்மா அந்தக் கடையிலேயே வாங்கினார். எத்தனையோ மாதம் எங்கள் வீட்டில் சொத்தையை வெட்டி எறிந்த பாதிக் கத்தரிக்காய்க் குழம்புதான்.

3. சட்டம் என்ன சொல்கிறது

சாலை வழக்குகள் வரும் கோர்ட்டில் தினமும் நின்றதில் சில விஷயங்கள் மனப்பாடமாகிவிட்டன.

குடித்துவிட்டு வண்டி ஓட்டிய ஒருவர் முதல் தடவை மாட்டினால் பெரும்பாலும் அபராதம்தான். லைசென்ஸ் ஒரு வருடம்போல ரத்தாகும். ஜெயிலும் உண்டு என்று சட்டத்தில் இருந்தாலும், யாருக்கும் அடிபடாமல் இருந்தால் மாஜிஸ்திரேட்டுகள் முதல் தடவை அதற்குப் போவது குறைவு. இரண்டாவது தடவை கதை வேறு. அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று நினைக்கவே கூடாது. ஜெயில் அநேகமாக நிச்சயம். லைசென்ஸ் பல வருடங்களுக்குப் போகும். திரும்பக் கிடைக்க, புதிதாக ஓட்டக் கற்றவர்போல மறுபடியும் டெஸ்ட் எடுக்கச் சொல்வதும் உண்டு. லைசென்ஸ் ரத்தாகியிருக்கும்போது சும்மா தெருமுனைவரை ஓட்டினாலும் அது தனிக் குற்றம். அதற்கும் கம்பி எண்ண வேண்டியிருக்கும்.

குடித்திருக்கிறாரா என்று கண்டுபிடிக்க இயந்திரம் எதுவும் கிடையாது. போலீஸ் டாக்டர் வாயை முகர்ந்து பார்ப்பார். சட்டைப் பொத்தானைக் கழற்றி மறுபடி போடச் சொல்வார். தரையில் சாக்பீஸால் கோடு போட்டு அதன்மேல் நடக்கச் சொல்வார். அந்தக் கோட்டைப் பற்றி நம் ஆட்கள் கூண்டில் சொன்ன காரணங்களை எழுதினால் தனிப் புத்தகம் போடலாம்.

வீரையா அந்த ஒரு வருடத்தில் ஒருநாள்கூட ஸ்டியரிங்கைத் தொடவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். லாரியில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போய், இறங்கி மணல் அள்ளிப்போடும் ஆளை இங்கே கெலிண்டான் என்பார்கள். தான் ஓட்டிய லாரியிலேயே வீரையா கெலிண்டானாகப் போனார். மீசையைக்கூடக் கொஞ்சம் சிறிதாக்கிக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன்.

4. முனீஸ்வரன் பிரசாதம்

லைசென்ஸ் திரும்பக் கிடைத்த அன்றுதான் வினை வந்தது.

லாரிகள் நிற்கும் திடலின் ஓரத்தில் ஒரு மரத்தடியில் முனீஸ்வரன் இருந்தார். புது லாரி வந்தாலும், டயர் மாற்றினாலும், யாராவது அடிபட்டுப் பிழைத்தாலும் அவருக்குத்தான் முதல் படையல். சுருட்டு, எலுமிச்சம்பழம், கோழி, ஒரு போத்தல் சம்சு. சம்சு என்பது இங்கே விற்கும் அரிசிச் சாராயம். படைத்த பிறகு சாமி குடித்தது போக மீதியைப் பிரசாதமாகக் கொடுப்பார்கள். பிரசாதத்தை யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. சொன்னால் சாமியை அவமதித்ததாக ஆகிவிடும்.

வீரையா லாரிக்கு மாலை போட்டார். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். லைசென்சை முனீஸ்வரன் காலடியில் வைத்து எடுத்தார். பிரசாதம் வாங்கிக்கொண்டார். பூசாரிக்கு அன்று கை தாராளம். அதோடு லாரியில் ஏறி, பழங்களை நசுக்கிக்கொண்டு, ஒரு வருடம் கழித்து முதல் தடவையாகத் தானே ஓட்டிக்கொண்டு சிராங்கூன் ரோட்டுக்கு வந்தார்.

சந்தோஷத்தில் ஹாரன் அடித்துக்கொண்டே வந்த லாரி, ஒரு திருப்பத்தில் நடைபாதைமேல் ஏறி, பஸ் நிறுத்தக் கம்பத்தைச் சாய்த்துவிட்டு நின்றது. கம்பம் வளைந்து லாரியைக் கும்பிடுவதுபோல இருந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

5. தட்டு

வழக்குக்கு முந்தின சாயங்காலம் பாக்கியம் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு தட்டு. வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, நடுவில் கத்தரிக்காய். பிஞ்சுக் காய், ஊதா நிறத்தில் ஒரு சொத்தை இல்லாமல்.

“தங்கச்சி, போன வருஷம் நடந்ததை மனசுல வெச்சுக்காத. நான் சொத்தைக் காய் போட்டது தப்புதான். நீ பெரிய மனசு பண்ணி நாளைக்கு அபராதம்னு சொல்லிடு. ஜெயிலுன்னு சொல்லிடாத.”

“அக்கா, நான் ஒண்ணும் சொல்றதில்ல. மாஜிஸ்திரேட் சொல்றதைத்தான் சொல்றேன்.”

“அவர் எங்க சொல்றாரு? எழுதிக்கிட்டே இருக்காரு. நீதானே சொல்ற. ‘விதிக்கிறேன்’னு நீ சொன்னதை எங்க வீட்டுக்காரர் காதால கேட்டாரே!”

எவ்வளவு சொல்லியும் அவருக்குப் புரியவில்லை. நான் பிகு பண்ணுகிறேன் என்றே நினைத்தார். கடைசியில் அழுதுகொண்டே எழுந்து போனார். தட்டை அம்மா அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். கொடுக்குமுன் அந்தக் கத்தரிக்காய்களை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றார்.

பாக்கியம் போன பிறகு அப்பா பேசினார். அவர் கோபத்தில் கத்துகிற ஆள் இல்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

“அஞ்சலை, நீ படிச்சதுல எனக்குப் பெருமைதான். ஆனா ஒரு வருஷமா கால்வாய்ல எறங்குனா மேல நிக்கிறவன் கேக்குறான், ‘உன் மக இன்னிக்கு எத்தனை கிளாஸு?’ன்னு. அதைக்கூட விட்டுடறேன். நம்ம ஆளு ஒருத்தன் நம்ம பொண்ணு வாயால ஜெயிலுக்குப் போனான்னு பேரு வேண்டாம்மா. நாளைக்கு நானே வந்து பாக்குறேன். அவங்க சொல்ற மாதிரிதான் அங்க நடக்குதுன்னா, அந்த வேலைய விட்டுடு. ஸ்கூல்ல வேலை இருக்கு, ஆஸ்பத்திரியில இருக்கு. படிச்ச பொண்ணுக்கா வேலை இல்ல?”

அப்பா ஒன்று சொன்னால் சொன்னதுதான். நான் அன்று இரவு சாப்பிடவில்லை என்று எழுதினால் பொய். நன்றாகச் சாப்பிட்டேன். பாதிக் கத்தரிக்காய்க் குழம்புதான். ஆனால் அந்த வேலையை நான் விட விரும்பவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. சாதாரண ஆட்கள் பேசியது என் வாய் வழியாக ஆங்கிலமாகி, பெரிய மேஜைக்குப் பின்னால் இருப்பவர் அதை எழுதிக்கொள்வார். அந்த நிமிஷம் எனக்குப் பிடித்திருந்தது.

6. வழக்கு நாள்

காலையில் முதல் வேலையாக மிஸ் லிம்மிடம் சொன்னேன். அவள் சீன மொழிகளுக்கு இன்டர்பிரெட்டர். என் வயதுதான். பயம் என்பது என்னவென்றே தெரியாதவள்.

“உன்கிட்ட வந்து கெஞ்சினாங்களா? அப்போ மாஜிஸ்திரேட்கிட்ட சொல்லிடு லா. மறைச்சா உனக்குத்தான் வம்பு” என்றாள். ‘லா’ இங்கே எல்லோர் பேச்சிலும் ஒட்டிக்கொள்ளும் வால்.

சொன்னேன். எங்களுடைய இன்னொரு தமிழ் இன்டர்பிரெட்டர் அன்று வேறொரு பெரிய வழக்கில் இருந்தார், எனக்குப் பதில் நிற்க ஆள் இல்லை. மாஜிஸ்திரேட் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

“தட்டில் இருந்ததை வாங்கிக்கொண்டீர்களா?”

“இல்லை சார். அம்மா திருப்பிக் கொடுத்துவிட்டார். கத்தரிக்காயைக் கொஞ்ச நேரம் பார்த்தார், அவ்வளவுதான்.”

அவர் இருமினார். அது இருமல்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. “உறவினரா?” “இல்லை சார், காய்கறிக் கடைக்காரர்.” “அப்படியானால் உங்கள் வேலையைச் செய்யுங்கள்.”

கோர்ட் கூடியது. பெஞ்சின் ஒரு முனையில் பாக்கியம். மறுமுனையில் அப்பா, தீபாவளிக்கு எடுத்த வெள்ளைச் சட்டையில், முழங்காலில் கைவைத்து, நேராக உட்கார்ந்திருந்தார்.

குற்றத்தை வீரையா ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் சாட்சிகள் வந்தார்கள். முதலில் போலீஸ் டாக்டர். கோட்டின்மேல் நடக்கச் சொன்னபோது ஆள் தள்ளாடினார் என்றார்.

“கோடு கோணலா இருந்துச்சுங்க ஐயா” என்றார் வீரையா. “நான் நேராத்தான் நடந்தேன். காவடி எடுத்து டேங்க் ரோடு கோயில் வரைக்கும் நடந்தவன் நானு.”

அடுத்த சாட்சி ஒரு சீன ஆயா. கறுப்புக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, கொண்டை. அவர் கான்டனீஸில் பேசினார். மிஸ் லிம் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். நான் ஆங்கிலத்திலிருந்து வீரையாவுக்குத் தமிழில் சொன்னேன். மூன்று பெண்கள், ஒரே ‘நான்’.

“நான் பஸ்ஸுக்காகக் கம்பத்தின் பக்கத்தில் நின்றிருந்தேன். எனக்குப் பசித்தது. குவே பலகாரம் வாங்க எதிர்க் கடைக்கு நகர்ந்தேன். திரும்பிப் பார்த்தால் நான் நின்ற இடத்தில் லாரி நிற்கிறது. நகராமல் இருந்திருந்தால் நான் செத்திருப்பேன்.”

வீரையாவின் முகம் மாறியது. என்னையே பார்த்தார். குரல் இறங்கிப்போய்க் கேட்டார்.

“தாயி… நீயா அங்க நின்ன?”

பெஞ்சில் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஆயா தன் மொழியில் சொன்னபோதும், போலீஸ் எவ்வளவோ சொல்லியும் உறைக்காதது, தனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் வாயால் வந்தபோது அவருக்கு உறைத்துவிட்டது. அவர் கேட்டதையும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். மாஜிஸ்திரேட் ஆயாவைக் கைகாட்டினார். வீரையா அந்த அம்மாளைப் பார்த்துத் தலைகுனிந்தார்.

பிறகு அவருடைய முறை. “நான் குடிக்கலீங்க ஐயா. குடிச்சது முனீஸ்வரன். மீதிய எனக்குக் குடுத்தாரு. வேண்டாம்னு எப்படிச் சொல்றது?”

நான் எழுந்து நின்று ஆங்கிலத்தில் சொன்னேன்: “நான் குடிக்கவில்லை. குடித்தது கடவுள். மீதியை எனக்குக் கொடுத்தார்.” ஓரக்கண்ணால் பார்த்தேன். அப்பா நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மாஜிஸ்திரேட் சொன்னார், நான் தமிழாக்கினேன்: “கடவுள் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம். அவருக்கு லைசென்ஸ் கிடையாது, லாரியும் ஓட்டவில்லை. ஓட்டியது நீங்கள். உங்களைக் குற்றவாளி என்று தீர்மானிக்கிறேன்.”

இனிதான் முக்கியமான கட்டம். குற்றம் தீர்மானமான பிறகுதான் பழைய தண்டனை ஏதாவது உண்டா என்று அரசுத் தரப்புப் பிராசிகியூட்டர் சொல்வார். அதுவரை சொல்லக் கூடாது. அவர் போன வருடத்து வழக்கைப் படித்தார். “ஒப்புக்கொள்கிறீர்களா?” என்று நான் கேட்டதுதான் தாமதம், வீரையா பொங்கிவிட்டார்.

“இதையும் இந்தப் பொண்ணுதான் கேக்குதா! ஐயா, போன தடவையும் இவதான் என் லைசென்ஸ எடுத்தா. நீங்க ஒண்ணுமே சொல்லல. இவளா சொன்னா. இந்தப் பொண்ணு பொய்க்காரிங்க. என் பொண்டாட்டி சொத்தைக் கத்தரிக்கா போட்டதுக்கு இவ என்னைய ஜெயில்ல போடப் பாக்குறா!”

பாக்கியம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

நான் மூச்சை இழுத்து, வழக்கமான குரலில், ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். “இந்தப் பெண் பொய்க்காரி. என் மனைவி சொத்தைக் கத்தரிக்காய் விற்றதற்காக இவள் என்னைச் சிறையில் தள்ளப் பார்க்கிறாள்.” அதுவரை தூங்கி வழிந்த கோர்ட் கிளார்க் நிமிர்ந்து உட்கார்ந்தார். மிஸ் லிம் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டாள்.

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். பொறுமையாகச் சொன்னார். நான் தமிழில் சொன்னேன்.

“உங்கள் லைசென்சை இந்தப் பெண் எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன்.”

வீரையா இரண்டு கையையும் விரித்தார். “பாத்தீங்களா ஐயா! இப்ப அவளே ஒத்துக்கிட்டா!”

பெஞ்சில் வெடித்த சிரிப்பை அடக்கக் காவலருக்கு வெகுநேரம் பிடித்தது. வீரையா சொன்னதையும் நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தது. “இப்போது அவளே ஒப்புக்கொண்டாள்.” மாஜிஸ்திரேட் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். இந்தத் தடவை அது இருமல் இல்லை.

பிறகு அவர் செய்ததை நான் என்றும் மறக்க மாட்டேன். நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்து, தன் நெஞ்சில் தானே விரலால் தட்டி, நாங்கள் எல்லோரும் மார்க்கெட்டில் பேசும் மலாயில், பெஞ்சின் கடைசிவரை கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

“சாயா! லைசென்ஸ், சாயா அம்பில். புக்கான் டியா!”

நான் எடுத்தேன், அவள் இல்லை. அதை நான் மொழிபெயர்க்கவில்லை. மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை. தேக்காவில் மீன் வாங்கிய யாருக்கும் அது புரியும்.

வீரையா வாயைத் திறந்தபடி நின்றார். முதல் தடவையாக என் தலைக்கு மேலே, பெரிய மேஜையை நிமிர்ந்து பார்த்தார். “ஓ” என்றார். அவ்வளவுதான்.

தண்டனையை மாஜிஸ்திரேட் வழக்கம்போல ஆங்கிலத்தில் சொன்னார். ஆனால் எழுதிக்கொண்டே சொல்லவில்லை, வீரையாவைப் பார்த்துச் சொன்னார். நானும் தமிழில் சொன்னேன். ஆறு வாரம் சிறை. மூன்று ஆண்டுகளுக்கு லைசென்ஸ் ரத்து. அதன்பிறகு வேண்டுமானால் டெஸ்ட் எடுத்துத்தான் வாங்க வேண்டும். மூன்றாவது தடவை இந்தக் கூண்டுக்கு வந்தால், இதைவிடக் கடுமையாக இருக்கும். “அந்த அம்மாளுக்கு அன்றைக்குப் பசித்தது உங்கள் அதிர்ஷ்டம்” என்றும் சொன்னார்.

வீரையா ஆயாவைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு மாஜிஸ்திரேட்டை. என்னைக் கும்பிடவில்லை. அதில் எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா?

7. வீட்டுக்குப் போகும் வழி

வேலை முடியும்வரை அப்பா வெளியே காத்திருந்தார். இரண்டு பேரும் நடந்தே வந்தோம். பாலம் தாண்டியதும் அப்பா கேட்டார்.

“அவன் உன்னப் பொய்க்காரின்னான்ல?”

“ஆமாப்பா.”

“அதையும் இங்கிலீஷ்ல சொன்னியா?”

“சொன்னேன்.”

“அப்படியேவா?”

“அப்படியேதான்.”

“கொஞ்சம் கொறச்சுச் சொல்லியிருக்கலாம்ல? யாருக்குத் தெரியப்போகுது?”

“கூடாதுப்பா. நான் கொறைச்சா அப்புறம் அவர் சொன்னதை அங்க சொல்ல ஆளே இல்லாமப் போயிடும்.”

அப்பா இன்னும் கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே நடந்தார்.

“அப்ப அவன் மூணு கிளாஸுன்னப்பவும் ஒண்ணுன்னு சொல்லியிருக்க முடியாதுதான்.”

“முடியாது.”

“உங்கம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்” என்றார். பஃபலோ ரோடு திரும்பும்போது கேட்டார்: “நாளைக்குச் சேலைக்கு இஸ்திரி போட்டாச்சா?”

என் வேலை நிலைத்தது அந்தக் கேள்வியில்தான்.

8. பிறகு

ஜெயிலிலிருந்து வந்த வீரையா மறுபடியும் கெலிண்டானாகப் போனார். முனீஸ்வரனுக்குப் படையல் இன்றும் நடக்கிறது, சம்சுவும் உண்டு. ஆனால் திடலில் இப்போது ஒரு புது வழக்கம். பிரசாதம் வாங்கும் டிரைவர் முதலில் லாரிச் சாவியை முனீஸ்வரன் காலடியில் வைத்துவிட வேண்டும். மறுநாள் காலையில்தான் எடுக்கலாம். யாராவது முணுமுணுத்தால், “சாமி காவல் காக்கட்டும்டா, அவருக்கு வேற என்ன வேலை?” என்பாராம் வீரையா. பாக்கியம் அக்கா கடையில் அம்மா இப்போதும் பேரம் பேசுகிறார். கத்தரிக்காய் நன்றாக இருக்கிறது.

போன மாதம் வீரையாவைக் கோர்ட்டில் பார்த்து ஒரு நிமிஷம் திடுக்கிட்டேன். அவர் கூண்டுக்கு வரவில்லை. முதல் தடவை மாட்டிக்கொண்ட ஒரு புது டிரைவருக்குத் துணையாக வந்திருந்தார். அந்த ஆள் கூண்டில் ஏறியதும் என்னைப் பார்த்துக் கும்பிடக் கையெடுத்தார். பெஞ்சிலிருந்து வீரையாவின் குரல் கேட்டது: “டேய், அந்தப் பொண்ணப் பாக்காத. மேல பாரு, மேல!” காவலர் அவரை அதட்டி உட்கார வைத்தார்.

இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது இதுதான். அடுத்தவருடைய ‘நானை’ நம் வாயில் எடுத்தால், அதை எடுத்தபடியே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நம்மைத் திட்டினாலும் சரி, நமக்கு வலித்தாலும் சரி. வழியில் ஒரு கிளாஸ்கூடக் குறைக்கக் கூடாது. இதைச் செய்ய முடிகிற பெண்கள் தைரியமாக விண்ணப்பம் போடுங்கள். வீட்டில் கேள்வி கேட்பார்கள். ஒருநாள் கோர்ட்டுக்குக் கூட்டி வாருங்கள், போதும்.

மாணிக்கம் மாமா இன்னும் விடவில்லை. போன வாரம்கூட எங்கள் வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி கேட்டார்: “என்னண்ணே, உங்க பொண்ணு இன்னும் குடிச்சிட்டுத்தான் லாரி ஓட்டுதா?”

அப்பா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

“அதெல்லாம் பழசுப்பா. நேத்து ரெண்டு சைக்கிள் திருடிட்டா. அதுக்கு முந்தின நாள் ஒருத்தன் மண்டைய ஒடச்சிருக்கா. மாசக் கடைசியில கூப்புட்டுச் சம்பளம் குடுக்குறாங்க!”